சனிக்கிழமை முடிச்சு

நாயகிக்கு அம்மா இருந்தால் கதை நகராது. இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டிவி சீரியல் எழுதி எழுதி விரல் காய்த்துப்போய் வந்த ஞானம். அம்மா இருந்தால் பெண் ஓடிப்போய் மடியில் விழுந்து அழுதுவிடுவாள், பிரச்சினை தீர்ந்துவிடும், விளம்பரக்காரன் வேறு சேனலுக்குப் போய்விடுவான். அதனால் முதல் மாதத்திலேயே அம்மாவை ஒரு லாரியிலோ நெஞ்சுவலியிலோ அனுப்பிவிடுவோம். அப்புறம் கதை தானாக ஓடும். நான் கொன்ற அம்மாக்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு தெரு கொள்ளாது.

ஆகவே 'உப்புக்காத்து' குழுவின் கதையைப் புத்தகமாக எழுதித் தரச் சொல்லி கிரிதரன் கூப்பிட்டபோது, நான் அதிகம் யோசிக்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்திலேயே ஆழியின் அம்மாவைக் கடலில் மூழ்கடித்தேன். கத்தரிப்பூக் கலர் முந்தானை மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து, சுழன்று, உள்ளே போகும். எழுதி முடித்துவிட்டு ஒரு காபி குடித்தேன். திருப்தியாக இருந்தது.

உப்புக்காத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பெண்கள், அதில் ஒருத்திதான் ஆழி. பாடுவார்கள், ஆடுவார்கள். ஆனால் பாட்டு பாதிதான், மீதிப் பாதி அவர்களுடைய 'கதை'. ஆழ்குடி என்று ஒரு ஊர், கடல் அதை விழுங்கிவிட்டது. அங்கிருந்து நாலு பெண்கள் மட்டும் கரையேறி வந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள, செத்தவர்களின் குரலில் கடல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீடியோவிலும் இந்தக் கதையின் ஒரு துண்டு வரும். ரசிகர்கள், அதாவது 'கரையோர்', அந்தத் துண்டுகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வீடியோவில் வாளித் தண்ணீர் தளும்பினால் அது எந்தப் பக்கம் தளும்பியது என்று நாள்கணக்கில் சண்டை நடக்கும். சிரிக்காதீர்கள், அவர்கள் என் சீரியல் நேயர்களைவிட புத்திசாலிகள்.

"பாட்டுல துண்டு துண்டா இருக்கு மேடம்," என்றார் கிரிதரன். குழுவை நடத்துகிற நிறுவனம் அவருடையது. "நீங்க முழுசா கோத்து ஒரு புத்தகமா குடுங்க. கரையோருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கக் கூடாது."

"எனக்கு சீரியல் மாதிரிதான் வரும், பரவாயில்லையா?"

"அதுக்குத்தான உங்களைக் கூப்பிட்டது!"

சீரியல்காரர்களுக்கு சனிக்கிழமை என்றால் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு கிடையாது. நடுவில் ஜனங்கள் மறந்து தொலைத்துவிடக் கூடாது அல்லவா? அதனால் சனிக்கிழமை எபிசோடை, யாராவது உயிருக்கு ஊசலாடுகிற இடத்தில் அறுத்துவிடுவோம். திங்கட்கிழமை முதல் காட்சியில் எங்கிருந்தோ ஒரு கை வந்து பிடித்துக்கொள்ளும். யாருடைய கை என்று சனிக்கிழமை எங்களுக்கே தெரியாது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசிப்போம். இதற்கு எங்கள் வட்டாரத்தில் சனிக்கிழமை முடிச்சு என்று பெயர். புத்தகத்தையும் நான் அப்படித்தான் எழுதினேன். வாரம் ஒரு அத்தியாயம், சனிக்கிழமை காலையில், முடிச்சோடு நிறுவனத்துக்குப் போய்விடும். கை பழகிவிட்டது, விடுமா?

அந்தச் சனிக்கிழமை அனுப்பிய அத்தியாயத்தில் ஆழியை ஒரு கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். கீழேயிருந்து செத்துப்போன அம்மா கூப்பிடுகிறாள். ஆழி கைப்பிடிச் சுவரைத் தாண்டுகிறாள். ஒரு காலைக் காற்றில் எடுத்து வைக்கப் போகிறாள். அதோடு அறுத்தேன். யார் வந்து பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று மதியமே ஆழியைப் பேட்டி எடுக்க நிறுவனத்துக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த மாதிரி ஐந்து மாடிக் கட்டடம். கீழே ஒத்திகைக் கூடம், நடுவில் அலுவலகம், மேலே பெண்களின் விடுதி. ஆழி மாலையும் கழுத்துமாகப் போஸ்டரில் இருக்கிற பெண் மாதிரியே இல்லை. ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு, பக்கத்து வீட்டுப் பெண் போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காதுக்குள் ஆழமாக ஒரு சின்ன முத்து தெரிந்தது. மேடையில் பாடுகிறவர்கள் போட்டுக்கொள்கிற கருவி என்று நினைத்தேன்.

"கதையில வர்ற உங்கம்மாவைப் பத்திக் கொஞ்சம் பேசலாமாம்மா? கடைசி அத்தியாயத்துக்கு வேணும்," என்றேன்.

உடனே அவள் கண் நிறைந்துவிட்டது. "அம்மா முங்கின அன்னிக்கு முந்தானை மட்டும் மேல வந்துச்சு மேடம். கத்தரிப்பூ கலர்."

என் வரி. பரவாயில்லையே, மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

"நான் எட்டிப் பிடிச்சேன். கையில ஈரம் மட்டும்தான் வந்துச்சு. புடவை வரல. இப்பவும் தூங்கி எந்திரிச்சா இந்தக் கை நனைஞ்சிருக்கு." வலது கையை விரித்துக் காட்டினாள். "தொட்டுப் பாருங்க."

இதை நான் எழுதவில்லை. தொட்டுப் பார்த்தேன். வியர்வைதான். "அடேயப்பா, பிரமாதமா நடிக்கிறீங்கம்மா!" என்றேன்.

"நடிப்பா?" என்றாள். கோபப்படவில்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியதுபோலப் பார்த்தாள்.

அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே போயிற்று. கீழே கேட்டருகே ஒரு அம்மாள், கையில் தூக்குச்சட்டியும் துணிப்பையுமாக, வாட்ச்மேனிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். ஆழி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் வளையல் நெளிந்தது.

"வந்திருச்சு."

"யாரும்மா?"

"அம்மா. பாக்காதீங்க மேடம். பாத்தீங்கன்னா உங்களையும் கூப்பிடும்." நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நான் இறங்கிக் கேட்டுக்குப் போனேன். அந்த அம்மாளுக்கு என்னைவிட வயது கம்மிதான், வெயில் கூட்டிக் காட்டியது. பெயர் செல்லத்தாய். சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"மாரிச்செல்விக்கு அம்மா நான். இங்கன அவளுக்கு ஆழின்னு பேரு வச்சிருக்காகளாம். உங்களுக்குத் தெரியுமாம்மா அவள?"

"தெரியும்," என்றேன்.

"போன் போட்டா கத்துதா. 'நீ செத்துட்ட, போயிரு, என்னய விட்டுரு'ங்கா. நான் என்னம்மா செஞ்சேன்? ஒரு வார்த்த வஞ்சிருப்பனா? கோவமிருந்தா நேர்ல சொல்லட்டும். புளிச்சோறு கிண்டி, அப்பளமும் பொரிச்சுக் கொண்டாந்திருக்கேன், அவ திங்கட்டும், நான் போயிருதேன்."

"இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க," என்று சொல்லிவிட்டு நான் உள்ளே ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓடியது அன்றைக்குத்தான்.

ஒலிக்கூடத்தில் ஜோயல் இருந்தான். நாகர்கோவில் பையன், நாலு பெண்களின் காதுக் கருவிகளையும் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். நான் கதவை அறைந்து சாத்தியதில் அவன் திடுக்கிட்டு, டீயை என் சேலையில் கொட்டிவிட்டான்.

"அவ காதுல என்னடா இருக்கு?"

"தோடு, மேடம். உங்ககிட்ட சொல்லலியா யாரும்?"

"இப்ப சொல்லு."

அவன் மென்று விழுங்கினான். "ஆல்பம் வாங்கினா கரையோருக்கு ரெண்டு நிமிஷம் வீடியோ கால் உண்டுல்லா? அதுல முன்னாடி ஒரு பிள்ளை 'எங்கப்பா லாரி ஓட்டுவார்'னு வாய் தவறிச் சொல்லிட்டா. கதையில அவளுக்கு அப்பா கிடையாது. பெரிய ரகளை ஆச்சு. 'எங்களை ஏமாத்திட்ட'ன்னு ஆல்பத்தை எல்லாம் ரோட்டுல போட்டுக் கொளுத்தினாங்க. அந்தப் பிள்ளை குழுவை விட்டே போயிட்டா. அதுக்குப் பொறவுதான் தோடு வந்துச்சு. ரசிகர் கேக்குற கேள்வியை அது கேட்டு, கதைப்படி என்ன பதிலோ அதைக் காதுல சொல்லும்."

"பதில் எடுத்துக் குடுக்குற மிஷினுக்கும், அந்தப் பொண்ணு பெத்த தாயைப் பேய்னு சொல்லுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது யாரோ சொல்லுற மாதிரி கேக்காது மேடம். அவ குரல்லயே கேக்கும். மனசுக்குள்ள நாம நினைக்கும்போது ஒரு குரல் கேக்கும்லா, அதே மாதிரி. அப்பதான் பதில் தடங்கல் இல்லாம வரும்." அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "முதல்ல வீடியோ கால் நேரத்துக்கு மட்டும் போட்டாங்க. பொறவு நாள் பூரா. பொறவு தூங்கும்போதும். தூக்கத்துல கதையை வாசிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷமா எது தன் நினைப்பு, எது தோடுன்னு அவளுக்குத் தெரியாது."

"எந்தக் கதையை வாசிக்கும்?"

"முன்னாடி பாட்டுல இருந்த கதையை. இப்ப உங்க கதையைத்தான். நீங்க அனுப்புற அத்தியாயம் தானா ஏறிரும்."

"இன்னிக்கு அனுப்பினது?"

"மதியம் ஏறியாச்சு மேடம். நான் இன்னும் படிக்கல. நல்லா இருக்கா?"

வெளியே யாரோ அலறினார்கள்.

ஜோயலின் கணினித் திரையில் மொட்டைமாடிக் கேமராவின் படம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் அகலச் சன்ஷேடில் ஆழி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"அணைச்சிடு! அந்தச் சனியனை அணைச்சிடு!" என்று கத்தினேன்.

"கூடாது மேடம்." "அணைச்சா குரல் நின்னிரும். கடைசியா எது கேட்டாளோ அதுலயே நிப்பா. கடைசியா கேட்டது உங்க அத்தியாயம்லா?"

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கொலை செய்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. யாரையும் தொடாமல், ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டே ஒரு பெண்ணைக் கொன்றாகிவிட்டது.

"மேடையில பாட்டு மறந்தா நான் மைக்ல எடுத்துக் குடுப்பேன். அதே மாதிரி நேரடியா பேசலாம்," என்றான் ஜோயல். கழுத்துப்பட்டையில் மாட்டுகிற ஒரு மைக்கை என் சேலையில் குத்தினான். "நீங்க சொல்லுறது அவ நினைப்பா கேக்கும். ஆனா கதை மாதிரிதான் சொல்லணும் மேடம். 'இறங்கு'ன்னு சொன்னா அது உத்தரவு, தோடு எடுத்துக்காது. எழுதுற மாதிரி சொல்லுங்க. வாங்க, மேல போவோம்."

படியேறும்போது அவன் போனில் கிரிதரன் வந்தார். "மீடியா யாரும் இல்லையே?" என்பதுதான் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி. ஜோயல் போனை அணைத்தான். அதற்காக அவனுடைய எல்லாத் தப்பையும் நான் மன்னிப்பேன், டீயைக் கொட்டி என் சேலையைப் பாழாக்கியதையும் சேர்த்து.

மாடிக்கதவைத் திறந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. ஆழி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"கூப்பிடுறாங்க மேடம்," என்றாள்.

கூப்பிடத்தான் செய்தார்கள். கீழே, வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்ட செல்லத்தாய், அண்ணாந்து பார்த்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "ஏ மாரி! எறங்கி வாத்தா! அம்மாட்ட வந்துரு தாயி!"

ஒவ்வொரு 'வா'வுக்கும் ஆழியின் கால் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. பெற்றவள் பிள்ளையைக் காப்பாற்றக் கூப்பிடுகிறாள். அந்தக் கூப்பாடே பிள்ளையை இழுக்கிறது. இந்த மாதிரி ஒரு காட்சியை என்னால் யோசித்திருக்கவே முடியாது.

நான் மைக்கில் பேசினேன். சீரியல் புத்தி, திங்கட்கிழமைக் கைதான் முதலில் வந்தது. "அப்போது பின்னாலிருந்து ஒரு கை ஆழியின் தோளைப் பற்றியது."

ஆழி தோளைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பினாள். "யாரையும் காணோமே," என்றாள். அவள் முகத்தில் புதிதாக ஒரு பீதி சேர்ந்துகொண்டது. டிவியில் கை என்று எழுதினால் ஒரு நடிகர் வந்து கையை நீட்டுவார். இங்கே யார் நீட்டுவது? ஜோயல் மெல்ல இரண்டு அடி வைத்தான். அவள் சுவரிலிருந்து கையை எடுத்தே விட்டாள். அவளுடைய கதையில் ஜோயல் என்று ஒருவன் கிடையாது. அவன் அப்படியே உறைந்து நின்றான்.

"முதல்ல அந்தம்மா கூப்பிடுறதை நிறுத்தணும்," என்று மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னேன். ஜோயல் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, போனை அந்த அம்மாளிடம் கொடுக்கச் சொன்னான். மைக்கை விடாமல் பொத்திக்கொண்டு, தணிந்த குரலில் நான் பேசினேன்.

"செல்லத்தாயம்மா, நான்தான், கேட்டுல பேசினேனே. நீங்க கூப்பிடாதீங்க."

"என் பிள்ளைய நான் கூப்பிடாம?"

"நீங்க கூப்பிடக் கூப்பிட அவ குதிக்கப் பாக்குறா. அவளைப் பொறுத்தவரை நீங்க உயிரோட இல்ல. கடல்ல முங்கி செத்துட்டீங்க. இப்ப அவளையும் கூட வரச் சொல்லிக் கூப்பிடுறீங்க."

"யாரு சொன்னா நான் செத்துட்டேன்னு?"

"நான்தான் எழுதினேன். அவங்க கதையில உங்களை நான்தான் சாகடிச்சேன்."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

என்ன செய்ய? செத்தவளைத் திரும்பக் கொண்டுவருவது எனக்குக் கைவந்த வேலைதான். ஆனால் ஆழ்குடிக் கதையில் அதற்கும் வழி அடைபட்டிருந்தது. கடல் திருப்பி அனுப்புகிறவர்கள் மனிதர்கள் இல்லை என்று முதல் பாட்டிலேயே வருகிறது, கரையோர் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். அம்மாவாக இவள் இந்த மாடிக்கு வந்தால் பெண் அந்த நிமிஷமே குதித்துவிடுவாள். எனக்கு மண்டை வெடித்தது. அப்போதுதான் சீரியலில் நடிகை திடீரென்று நின்றுபோனால் நாங்கள் செய்கிற அசிங்கமான வேலை ஞாபகம் வந்தது. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை போடுவோம். மறுநாள் அதே சேலையில் வேறொரு முகம் நிற்கும். ஒரு வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள். இங்கே அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முகத்தை விட்டுவிட்டு ஆளை மாற்ற வேண்டும்.

"சாப்பாட்டை எடுத்துக்கிட்டு மேல வாங்க. ஆனா அம்மாவா வராதீங்க. இங்க சமையல் வேலை பாக்குறவங்க நீங்க. அவ பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'வாடி போடி'ன்னு சொல்லக் கூடாது. அழக் கூடாது."

"சரி," என்றாள். ஒரே வார்த்தைதான்.

கீழே குரல் நின்றது. நான் மைக்கில் ஆரம்பித்தேன். "கீழேயிருந்து கேட்டது அம்மாவின் குரல் இல்லை. ஆழி இப்போதுதான் அதைக் கவனித்தாள். அது செல்லத்தாயின் குரல். விடுதியில் சமைக்கிற செல்லத்தாய். மதியம் சாப்பிடாமல் எழுந்து போன பெண்ணைத் தேடிக்கொண்டு அவள் படியேறி வருகிறாள்."

ஆழியின் கால் நின்றது. நெற்றியைச் சுருக்கினாள். யோசிக்கிறாள்.

ஐந்து மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை என்று நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். செல்லத்தாய் ஏறி வருகிறவரை நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷம் வார்த்தையை விற்றுச் சாப்பிட்ட எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. செல்லத்தாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள் என்றேன். தூக்குச்சட்டி கனக்கிறது என்றேன். அப்பளம் நமுத்துப்போகுமே என்று அவளுக்குக் கவலை என்றேன். இலக்கியமாவது மண்ணாவது! என் குரல் நடுங்கினால் ஆழியின் நினைப்பும் நடுங்குமோ என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். காற்று அடித்தபோதெல்லாம் அவள் பாவாடை படபடத்தது, என் உயிர் போய்ப்போய் வந்தது.

கதவருகில் செல்லத்தாய் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. பெண் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். "மா..." என்று வாய் திறந்தது. நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். அவள் அந்தப் பெயரை விழுங்கினாள்.

"சாப்பிட வாங்கம்மா," என்றாள் தன் மகளைப் பார்த்து. "சோறு ஆறிருச்சு."

ஆழி அவளை நெடுநேரம் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் எழுந்து வருவது எனக்குத் தெரிந்தது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே மட்டமான ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். "ஆழிக்குச் செல்லத்தாயை ரொம்பப் பிடிக்கும்."

"என்ன கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டாள் ஆழி.

"புளிச்சோறும்மா."

"அப்பளம்?"

"இருக்கும்மா. நமுத்துருக்கும்."

ஆழி சுவரைப் பிடித்தாள். இந்தப் பக்கம் காலைப் போட்டாள். செல்லத்தாய் மணிக்கட்டைப் பற்றி இறக்கிவிட்டாள். அவள் உடம்பு முழுக்க அந்தப் பெண்ணை அள்ளிக்கொள்ளத் துடித்தது. சமையல்காரி அள்ளிக்கொள்ள மாட்டாள். அதனால் தரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு போலீஸ், வக்கீல், ஆஸ்பத்திரி என்று எல்லாம் வந்தது. ஜோயல் வேலையை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னான். நாலு பெண்களின் தோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைத்து எடுத்தார்கள். எடுத்த பிறகும் ஆழியை விட்டுக் கதை போகவில்லை. "நாம எல்லாருக்கும் சின்ன வயசு ஞாபகம் எப்படியோ, அப்படித்தான் அவங்களுக்கு இது," என்றார் மனநல டாக்டர். "ஒரு ஞாபகத்தை எப்படிங்க ஆபரேஷன் பண்ணி எடுக்கிறது? அம்மான்னு சொல்லி இவங்களை முன்னால நிறுத்தாதீங்க. மறுபடி மாடிக்குப் போயிடுவாங்க. வருஷமாகும். வராமலும் போகலாம்."

கிரிதரன் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தோடு கரையோருக்கும் ஆளுக்கொரு தோடு தருவதாகத் திட்டம் வைத்திருந்தாராம். அவரவர் குரலிலேயே கதை காதுக்குள் கேட்குமாம். முன்பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையைக் கோர்ட்டில் வாசித்தார்கள். அத்தனை வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாளே! இப்போதைக்குத் தடை வாங்கியிருக்கிறோம். அடுத்த விசாரணை வரைக்கும்தான் தடை. தினமும் தபால்காரர் வந்தால், கோர்ட் நோட்டீஸோ என்று முதலில் உறையின் முத்திரையைத்தான் பார்க்கிறேன்.

ஆழியைத் திருவான்மியூரில் ஒரு சின்ன வீட்டில் வைத்தோம். சமையலுக்குச் செல்லத்தாய் கூடவே இருந்தாள். சாத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். மகளை 'வாங்க', 'போங்க' என்றே பேசிப் பழகிவிட்டாள். ஒருநாள் அடுப்படியில் நான் கேட்டேன், "நான் வேணா வேற மாதிரி எழுதிப் பாக்கட்டுமா? மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா, நீங்கதான் அம்மான்னு..."

"வேணாம்மா." வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள். "அம்மா இல்லாம அவ பழகிட்டா. சமையக்காரி இல்லாமத்தான் ஒரு நேரம் இருக்க மாட்டேங்கா. அதையும் கெடுத்துராதீக."

கதையில் அம்மா முங்கிய நாள் ஆடி மாதத்தில் வந்தது. அன்றைக்குப் படையல் போட வேண்டும் என்று ஆழி பிடிவாதம் பிடித்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். பயந்துகொண்டேதான் போனேன்.

"அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு நீங்க எழுதவே இல்ல மேடம்," என்றாள் குறையாக. "எனக்கும் ஞாபகம் வரல. எதை வச்சுப் படைக்கிறது?"

நான் எழுதவில்லைதான். சாகப்போகிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். விழித்தேன்.

"குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைங்கம்மா," என்றாள் செல்லத்தாய், அடுப்படி வாசலில் நின்றபடி.

ஆழி சட்டென்று திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடியது. செல்லத்தாய் மட்டும் அசையவில்லை.

"எங்க ஊர்ப் பக்கம் எல்லாத் தாயிக்கும் அதுதாம்மா பிடிக்கும்," என்றாள்.

ஆழி யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். செல்லத்தாயே சமைத்தாள். ஆழி தலைவாழை இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றி, விளக்கேற்றிக் கும்பிட்டாள். "நீங்களும் கும்பிடுங்க," என்றாள். செல்லத்தாயும் கைகூப்பி நின்றாள்.

படைத்த இலையை வீணாக்கக் கூடாது, பெரியவர்கள் யாராவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆழி என்னைப் பார்த்தாள். எனக்குக் கருவாடு ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க உக்காருங்க செல்லத்தாயி," என்றாள்.

அந்த அம்மாள் உட்கார்ந்தாள். தனக்கு வைத்த படையலைத் தானே பிசைந்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆழி எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவுக்குப் போய்ச் சேந்திருக்குமா?" என்று கேட்டாள்.

செல்லத்தாயின் வாய் நிறையச் சோறு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.